பில்டர் காபி கப்பலேறினால் முதலில் எங்கே இறங்க வேண்டும்?

வணக்கம். பின்னால் கேட்கும் இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் எங்கள் காபிப்பொடிக் கடையில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். அப்பா அரைத்துக்கொண்டிருக்கிறார், காலை நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல முடியாது.

என் அத்தை மகன் தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் மண்ணடியிலும் மூன்று பில்டர் காபிக் கடைகள் நடத்துகிறான். மூன்றும் நன்றாக ஓடுகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை வந்து, "மாமா, அடுத்த கடை துபாயில்" என்றான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இரவெல்லாம் அதே யோசனை.

துபாய் என்றதும் அவன் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே நம்மவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அதனால் காபி விற்கும். ஆனால் அங்கே ஏற்கெனவே நம் ஊர் உணவகங்கள் டபராவில் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. வேலைக்கு நடுவே குடிப்பதற்கோ கரக் சாயா என்ற கெட்டிப் பால் தேநீர் இருக்கிறது. ஊர் நினைப்பு வந்தால் ஒருவர் விடுமுறை நாளில் ஒரு தம்ளர் குடிப்பார். ஒரு கடையின் வாடகை அந்த ஒரு தம்ளரில் வந்துவிடாது. தினமும் காலையில் கால் தானாக எந்தக் கடைக்குப் போகிறதோ, அந்தக் கடைதான் நிற்கும்.

பணம் கொட்டியவர்களே இதில் அடிபட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் காபிக் கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸ் 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனது. 2008இல் அங்கிருந்த 84 கடைகளில் 61ஐ மூடியது. 2014இல் மிச்சம் இருந்தவற்றையும் உள்ளூர் நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டது. ஆஸ்திரேலியர்கள் காபி குடிக்காதவர்களா? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே குடியேறிய இத்தாலியர்களும் கிரேக்கர்களும் தெருவுக்குத் தெரு எஸ்பிரெசோ கடை வைத்து, நல்ல காபி எது என்று அந்த ஊர் நாக்குக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் பெயரும் தெரியும், அவர் எப்படிக் குடிப்பார் என்பதும் தெரியும். அங்கே போய் இனிப்புப் பாகு ஊற்றிய பெரிய குவளையைக் கூடுதல் விலைக்கு நீட்டினால் யார் வாங்குவார்கள்?

அதே நிறுவனம் ஜப்பானில் வென்றது. 1996இல் டோக்கியோவின் கின்சாவில் முதல் கடை, சசபி என்ற உள்ளூர் நிறுவனத்தோடு கூட்டு. சிகரெட் புகை சூழ்ந்த காபிக் கடைகளுக்குப் பழகிய ஊரில் புகைக்கு இடமில்லை என்று சொல்லி நின்றார்கள். இந்தியாவுக்கு 2012இல் டாட்டாவோடு பாதிக்குப் பாதி பங்கில் வந்தார்கள். கொட்டையும் வறுப்பும் டாட்டாவின் பொறுப்பு. கர்நாடகத்தில் டாட்டாவுக்குத் தோட்டங்கள் இருந்ததால் அது பெரிய பலம். இத்தாலி விஷயத்தில் காட்டிய பொறுமையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்டார்பக்ஸை வளர்த்தெடுத்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 1983இல் இத்தாலியின் மிலான் நகருக்குப் போய், அங்கிருந்த எஸ்பிரெசோ கடைகளைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலின் வடிவத்தையே கண்டுகொண்டார். அந்த மிலானில் கடை திறக்க 2018 வரை காத்திருந்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள்!

சொந்தமாக வைப்பதா, கூட்டா, உரிமம் கொடுப்பதா என்பதெல்லாம் வழக்கறிஞரோடும் கணக்கரோடும் உட்கார்ந்து பேச வேண்டியவை. நான் அதற்குள் போகவில்லை. எந்த ஊர் என்பதுதான் என் கவலை.

என் பதிலைச் சொல்கிறேன், சிலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ்.

காரணம் சிக்கரி. எங்கள் கடையில் ஒருவர் "எண்பதுக்கு இருபது" என்பார், இன்னொருவர் "எழுபதுக்கு முப்பது" என்பார். காபிக்குச் சிக்கரி எவ்வளவு என்பதுதான் அந்தக் கணக்கு. காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். உலகத்தில் பல ஊர்களில் சிக்கரி என்றால் கலப்படம் என்று முகம் சுளிப்பார்கள். அங்கே நாம் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் காபி கொடுக்க வேண்டும். நெப்போலியன் காலத்து வணிகத் தடையில் காபிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் சிக்கரிக் கிழங்கை வறுத்துக் கலந்தார்கள். பிரெஞ்சுக் குடிகள் நிறைந்த நியூ ஆர்லியன்ஸிலும் அந்தப் பழக்கம் வேர் பிடித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்தத் துறைமுகம் முற்றுகையில் இருந்தபோது அது இன்னும் இறுகியது. தட்டுப்பாடு தீர்ந்தும் அந்த ருசியை அவர்கள் விடவில்லை. கஃபே டு மோண்ட் என்ற கடை 1862 முதல் அங்கே நடக்கிறது. சிக்கரி கலந்த கெட்டிக் காபியில் பாதிக்குப் பாதி சூடான பால் ஊற்றிக் கொடுக்கிறார்கள். நம் வீட்டு அடுப்படிதானே இது!

அத்தை மகன் விடவில்லை. "அத்தோ நூடுல்ஸைப் பார். பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர்கள் தங்களுக்காகச் செய்ததுதானே? இன்று பாரிமுனைப் பக்கம் யார்தான் சாப்பிடவில்லை?" என்றான். நல்ல கேள்வி. எனக்கும் அத்தோ என்றால் உயிர். ஆனால் அதில் புளி இருக்கிறது, வெங்காயம் இருக்கிறது, பூண்டு இருக்கிறது, கூடவே வாழைத்தண்டு சூப். நூடுல்ஸ் ஒன்றுதான் புதிது, அதுவும் இடியாப்பம் தின்று வளர்ந்த ஊருக்கு எவ்வளவு புதிதாக இருந்துவிடும்? கொண்டு வந்தவர்கள் பர்மாத் தமிழர்கள், தங்கவைத்தது இந்த ஊரின் நாக்கு. நான் தேடுவதும் அப்படி ஒரு நாக்கைத்தான்.

ராயபுரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறார். போன விடுமுறைக்கு வந்தபோது அந்த நியூ ஆர்லியன்ஸ் பொடி ஒரு டின் கொண்டு வந்து கொடுத்தார். நேற்று இரவு அப்பா அதை எங்கள் பித்தளை பில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்தார். காலையில் டிகாக்ஷன் கறுப்பாக இறங்கியிருந்தது. பாலைக் காய்ச்சி, டபராவில் இரண்டு முறை ஆற்றி, ஒரு வாய் குடித்தார். "சிக்கரி முப்பதுக்குக் குறையாது. வறுப்புக் கொஞ்சம் அதிகம்" என்றார். பிறகு தம்ளரை முழுவதும் குடித்து முடித்தார். அடுத்தவர் கடைக் காபியை அப்பா முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் அடுத்த மாதம் மறுபடி கப்பலேறுகிறார். எழுபதுக்கு முப்பதில் அரைக்கிலோ பொடியும் ஒரு சின்ன பில்டரும் கட்டிவைத்திருக்கிறோம். அந்த ஊரில் கரையிறங்கினால் நாலு பேருக்கு ஆற்றிக் கொடுத்து, அவர்கள் குடிக்கும்போது முகத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அத்தை மகனும் அதுவரை துபாய்க் கடைக்கு முன்பணம் கட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறான்.