டாஸ் திரையைப் பேச வைப்பது எப்படி?

[காட்சி: கறுப்புத் திரை, சி ப்ராம்ப்ட், துடிக்கும் கர்சர்]

இந்த வீடியோவில் "இங்கே பாருங்கள்" என்று ஓரிடத்திலும் வராது. கட்டளைகளை எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம். கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்யலாம்.

விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை தட்டி இயக்கும் இயங்குதளமான டாஸ் பேசுவதற்கு இரண்டு பொருள் வேண்டும்: திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்கு வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள், குரல் தரும் சிந்தசைசர். மென்பொருளுக்கு இன்று காசு வேண்டாம். மோட்டார் பைக் பந்தய வீரராக இருந்து, 1978இல் விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டரின் நிறுவனம் 1989இல் வெளியிட்டது ஜாஸ். விலைக்கு விற்ற அதன் டாஸ் பதிப்பு பின்னாளில் இலவசமானது. லாரி ஸ்கட்சனின் அசாப் ரீடரும் அப்படியே விலைக்கு விற்கப்பட்டு, பிறகு இலவசமானது. ப்ரோவாக்ஸ் என்ற ரீடர் மூல நிரலோடு, யாரும் படித்து மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை அதுதான்.

திண்டாட்டம் சிந்தசைசரில். டபுள்டாக் எல்டி, டெக்டாக் எக்ஸ்பிரஸ் போன்ற தனிப் பெட்டிகள் சீரியல் போர்ட்டில் செருகப்படுபவை. பழைய சாமான் கடையில்தான் தேட வேண்டும். தமிழ் பேசாது.

[காட்சி: சீரியல் கேபிள், ஒன்பது முனை இணைப்பு]

ஸ்கிரீன் ரீடரை நிறுவும் முன் பெட்டியை மட்டும் சோதியுங்கள். தட்டுங்கள்: எம், ஓ, டி, இ, இடைவெளி, சி, ஓ, எம், 1, கோலன், 9600, கமா, என், கமா, 8, கமா, 1, என்டர். காம் 1 என்ற சீரியல் போர்ட்டுக்கு வேகம் 9600, பாரிட்டி (பிழை சோதிக்கும் பிட்) இல்லை, 8 டேட்டா பிட், 1 ஸ்டாப் பிட் என்று பொருள். அடுத்தது: இ, சி, எச், ஓ, இடைவெளி, ஹெச் இ எல் எல் ஓ, முற்றுப்புள்ளி, இடைவெளி, கிரேட்டர் தேன் குறி, சி, ஓ, எம், 1, என்டர். பெட்டி 'ஹலோ' சொல்ல வேண்டும். முற்றுப்புள்ளியை விட்டுவிடாதீர்கள், சொற்றொடர் முடிந்ததற்கான குறி வரும்வரை டெக்டாக் வாயைத் திறக்காமல் காத்திருக்கும்.

சத்தமும் இல்லை, கணினியும் உறைந்ததுபோல் இருக்கிறதா? பெரும்பாலும் திரையில் பிழைச் செய்தி வந்து பதிலுக்குக் காத்திருக்கும். ஏ எழுத்தை அழுத்தினால் ப்ராம்ப்ட் திரும்பிவிடும். கேபிளை மாற்றிப் பாருங்கள். நீளமான பத்தியின் நடுவில் சொற்கள் விழுங்கப்பட்டால், ஹேண்ட்ஷேக் கம்பிகள் இல்லாத, மூன்றே கம்பி கேபிளாக இருக்கும். பெட்டி "போதும், நிறுத்து" என்று சொல்ல வழியில்லை. காம் 1இல் பெட்டியும் காம் 3இல் மவுஸும் இருந்தாலும் தகராறுதான். இரண்டுக்கும் ஐஆர்க்யூ 4, அதாவது கணினியின் கவனத்தை அழைக்கும் ஒரே கம்பி, பொது. பெட்டியை காம் 2க்கு மாற்றுங்கள்.

[காட்சி: 25 வரி, 80 எழுத்துக் கட்டம்]

இனி உள்ளே போவோம். கலர் டெக்ஸ்ட் திரை நினைவகத்தில் பி8000 ஹெக்ஸ் முகவரியில் இருக்கிறது. 25 வரி, வரிக்கு 80 எழுத்து. ஆக 2000 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் 2 பைட்: முதல் பைட் எழுத்து, அடுத்தது நிறம். மொத்தம் 4000 பைட். ரீடர் அதை அப்படியே படித்துவிடலாம். விண்டோஸ் ரீடர்கள் படும் பாட்டோடு ஒப்பிட்டால் இது சர்க்கரைப் பொங்கல்.

அப்படியென்றால் ஏன் சில புரோகிராம்களில் மௌனம்? கோப்புகளைப் பட்டியலிடும் டிஐஆர் போன்ற கட்டளைகள் டாஸ், பயாஸ் (கணினியின் அடிப்படை நிரல்) வழியாக எழுதுகின்றன. ரீடர் அந்த வழியில் நின்று ஒவ்வொரு எழுத்தையும் பிடிக்கிறது. ஆவணம் எழுதும் வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1 போன்றவை வேகத்துக்காக நேரே திரை நினைவகத்தில் எழுதுகின்றன. வாசலில் காவல் இருந்தும் பயனில்லை, ஆள் கொல்லைப்புறமாக வந்துவிட்டார். அப்போது திரையில் இருப்பதை நாமே நகர்ந்து படிக்கும் ரிவ்யூ முறைக்குப் போய் வரி வரியாகக் கேட்க வேண்டும். மெனுவுக்கு நிற பைட் உதவும்: சாதாரண எழுத்து 07 ஹெக்ஸ், தலைகீழ் நிறம் 70 ஹெக்ஸ். நிறம் மாறிய வரியைச் சொல் என்று அமைத்துவிட்டால், அம்புக்குறி நகர நகரத் தேர்வுப் பட்டை பேசும்.

கணினி துவங்கும்போது தானாக ஓடும் கட்டளைக் கோப்பான ஆட்டோஎக்ஸெக்கில் வரிசையும் முக்கியம். கடைசியாக ஏற்றிய புரோகிராமுக்கே விசை முதலில் போகும். ரீடருக்குப் பிறகு வேறொரு பாப்-அப் புரோகிராமை ஏற்றினால், அது உங்கள் ரிவ்யூ விசையைத் தின்றுவிடலாம். ரீடரைக் கடைசியில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதற்கு முன் வரும் செய்திகள் எதுவும் காதில் விழாது. நாங்கள் முதலில் சிந்தசைசர் டிரைவர், உடனே ரீடர் என்று வைத்து, முரண்டு பிடிக்கும் புரோகிராமை மட்டும் அவற்றுக்கு முன்னே நகர்த்துவோம். ஆட்டோஎக்ஸெக்குக்கு முன்பே ஓடும் அமைப்புக் கோப்பான கான்ஃபிக் டாட் சிஸ் ஓடும்போது எப்படியும் மௌனம்தான்; அங்கே ஏதாவது கேள்வி கேட்டு நின்றால், மறுபடி துவக்கி எஃப்5 அழுத்துங்கள். எம்எஸ்-டாஸ் 6 இரண்டு கோப்புகளையும் தாண்டிச் செல்லும்.

புதிய மடிக்கணினியா? யுஎஸ்பி-சீரியல் மாற்றி வெறும் டாஸில் வேலை செய்யாது. லினக்ஸில் க்யூஎமு என்ற கணினிப் போலி மென்பொருள் வழியாக டாஸை ஓட்டி, அதன் சீரியல் போர்ட்டை மாற்றியோடு இணைத்தால் பெட்டி பேசும்.

கடைசியாக, ஏதோ ஒரு விளையாட்டை மூடியபின் ரீடர் உளறினால், திரை கிராஃபிக்ஸ் முறையிலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே எழுத்து இல்லை, வெறும் புள்ளிகள். எழுத்துத் திரைக்குத் திரும்பத் தட்டுங்கள்: எம், ஓ, டி, இ, இடைவெளி, சி, ஓ, 80, என்டர்.