யாருமே எழுதாத பாட்டு

எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிற தம்பிகளுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

போன மாதம் இங்கே ஒரு கல்லூரி விழாவில் நம் பிள்ளைகள் மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டை வாசித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார்கள். ஒரு பெரியவர், "நல்லாத்தான் இருக்கு, சொந்தமா ஒண்ணும் இல்லையாப்பா?" என்று கேட்டார். டிரம்ஸ் வாசித்த தம்பியின் முகம் அப்படியே வாடிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மெட்டாலிக்கா 1981ல் தொடங்கிய குழு. 1982ல் முதல் மேடை ஏறியபோது அவர்கள் வாசித்ததில் பெரும்பாலானவை பிரிட்டன் குழுக்களின் பாட்டுகள். டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிச், 17 வயதில், டயமண்ட் ஹெட் என்ற குழுவைப் பார்ப்பதற்காகவே அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து போய், அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தவர். அந்தக் குழுவின் 'ஆம் ஐ ஈவில்' பாட்டை 1984ல் மெட்டாலிக்கா பதிவு செய்தது. இன்றைக்கு உலகத்தில் பாதிப் பேர் அதை மெட்டாலிக்காவின் பாட்டு என்றே நினைக்கிறார்கள், ஆனால் எழுதியவர்களுக்கு உரிமைத்தொகை போய்க்கொண்டுதான் இருந்தது.

2010ல் பல்கேரியாவின் சோபியா நகரில் மெட்டாலிக்கா, மெகாடெத், ஸ்லேயர், ஆந்த்ராக்ஸ் என்ற நான்கு பெரிய குழுக்கள் ஒரே நாளில் வாசித்தன. 1983ல் மெட்டாலிக்காவிலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, அப்புறம் மெகாடெத்தைத் தொடங்கிய டேவ் மஸ்டெய்னும் அங்கே இருந்தார். எத்தனை வருஷத்துக் கசப்பு! கடைசியில் அவரும் பழைய நண்பர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரே மேடையில் நின்று வாசித்த பாட்டு எது தெரியுமா? அதே 'ஆம் ஐ ஈவில்'. அந்த மேடையில் நின்ற யாருமே எழுதாத பாட்டு. யாருடைய சொந்தப் பாட்டை எடுத்திருந்தாலும் பழைய கணக்கு வந்து நடுவில் நின்றிருக்கும்.

மெட்டாலிக்கா வாசிக்கும் 'விஸ்கி இன் தி ஜார்' இன்னொரு கதை. அயர்லாந்து நாட்டுப்பாடல், ஒரு வழிப்பறிக்காரனின் கதை. தின் லிசி என்ற அயர்லாந்துக் குழு 1972ல் அதை ராக் ஆக்கியது, 1998ல் மெட்டாலிக்கா எடுத்துக்கொண்டது, 2000ல் அதற்கு கிராமி விருதும் கிடைத்தது.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கிறது. துரியோதனன் படுகளத்தில் என்ன ஆவான் என்று தெரியாதவர் யார் இருக்கிறார்கள்? ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். இந்த வருஷம் வேஷம் கட்டுகிறவர் எப்படி ஆடுகிறார் என்பதுதான் விஷயம். கூத்துக்கு முன்னால் களரி கட்டுகிறார்கள் இல்லையா, மிருதங்கமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து ஊரையே எழுப்புமே, அதே வேலையைத்தான் மெட்டாலிக்கா மேடையில் என்னியோ மோரிகோனே ஒரு கௌபாய் படத்துக்குப் போட்ட இசை 1983லிருந்து செய்துகொண்டிருக்கிறது. அந்த இசை ஒலித்ததும் கூட்டம் எழுந்து நின்றுவிடும்.

2011 அக்டோபர் 30, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிக்கா வாசித்தபோது நானும் எழுந்து நின்றேன். காட்பாடியில் ரயிலேறிப் போயிருந்தோம். 'ஒன்' பாட்டுக்கு முன்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது எனக்கு மாமா ஞாபகம்தான் வந்தது. கம்மவான்பேட்டை பக்கத்து ஊர்க்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். 1988ல் வந்த அந்தப் பாட்டு, போரில் கை, கால், கண், காது எல்லாம் போய் உயிர் மட்டும் மிஞ்சிய ஒரு சிப்பாயைப் பற்றியது. வீட்டில் நான் அதைப் போட்டபோது, சத்தத்தைக் குறை என்று சொல்லத்தான் மாமா வந்தார். வந்தவரிடம் அர்த்தத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். பாட்டின் பின்பாதியில் டிரம்ஸ் இரண்டு கால்களாலும் எந்திரத் துப்பாக்கி மாதிரி விட்டுவிட்டு அடிக்கும் பாருங்கள், அந்த இடத்தில் அவர் விரல்கள் கட்டில் சட்டத்தில் அதே கணக்கில் தட்டின. முடிந்ததும், "இன்னொரு வாட்டி போடு" என்றார். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்களில் அந்தப் பாட்டு அந்நியப் பாட்டாக எப்படி இருக்கும்?

தம்பிகளிடம் ஒன்றே ஒன்று கேட்பேன். வாசிக்கிறீர்கள் என்றால் சரியாக வாசியுங்கள். 1986ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டில், மெட்டாலிக்காவில் பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்பீல்டின் வலது கை அத்தனை வேகத்திலும் கம்பியை மேலிருந்து கீழே மட்டும்தான் அடிக்கும். மேலும் கீழுமாக அடித்தால் சுலபம், ஆனால் அந்தக் கடுமை போய்விடும். இங்கே வந்திருக்கிற ஒரு தம்பி, உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பி மேல் அழுத்தி வைத்து, மணிக்கட்டு மரத்துப்போகும்வரை நாலு மாதமாக அதைப் பழகியிருக்கிறார். அந்த நாலு மாதம் அவருடைய சொந்தம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

சரி, நான் இறங்குகிறேன். இப்போது அவர்கள் வாசிக்கப்போகிறார்கள், முதல் பாட்டு 'ஒன்'. வயதானவர்கள் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வேண்டாம், பின்வரிசையில் நாற்காலி இருக்கிறது. மாமா மட்டும் முன்னாலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.