குழந்தைகளைப் பிழைக்க வைத்தால் ஜனத்தொகை பெருகாதா?

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏழை நாடுகளில் ஏற்கெனவே ஜனத்தொகை அதிகம். மருந்து, தடுப்பூசி என்று கொடுத்து எல்லாக் குழந்தைகளையும் பிழைக்க வைத்தால் கூட்டம் இன்னும் பெருகாதா?"

கேட்கவே சங்கடமான கேள்விதான், ஆனால் நிறையப் பேர் மனதில் இருக்கிறது. வங்கதேசத்தை வைத்துச் சொல்கிறேன்.

1971ல் அந்த நாடு பிறந்தபோது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறேழு பிள்ளைகள். இன்று இரண்டு சொச்சம். 1990ல்கூட, பிறந்த 1000 குழந்தைகளில் 140 பேருக்கு மேல் ஐந்து வயதுக்குள் இறந்துபோனார்கள். இன்று அது 30 பக்கம் வந்துவிட்டது. சாவும் பிறப்பும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன. பெற்றதில் எது தங்கும் என்று தெரியாத தாயிடம் போய், இரண்டோடு நிறுத்து என்று எந்த வாயால் சொல்வது?

அங்கே பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது பேதி. பேதியில் உடம்பிலிருக்கும் நீரும் உப்பும் வெளியேறிவிடுகின்றன. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் குடல் சரியாக உறிஞ்சாது. கூடவே சர்க்கரை இருந்தால் அது உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும், பின்னாலேயே தண்ணீரும் போகும். 1968ல் டாக்காவில் காலரா நோயாளிகளுக்கு இப்படிக் கொடுத்துப் பார்த்து, பலிக்கிறது என்று கண்டார்கள்.

சரி, இந்த உப்பு-சர்க்கரைக் கலவையைப் பாக்கெட்டாக வாங்க முடியாத வீட்டில்? பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980லிருந்து பத்து ஆண்டுகள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண்களை அனுப்பியது. மூன்று விரலில் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டர் தண்ணீர். அந்தத் தாயையே கலக்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு வேறொருவர் போய்க் கேட்பார். தாய்மார்கள் எவ்வளவு நினைவு வைத்திருந்தார்களோ, அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குச் சம்பளம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. முதலில் தாய்மார்கள் பாடத்தைச் சரியாக ஒப்பித்தார்கள், ஆனால் பேதி வந்தபோது கொடுக்கவில்லை. விசாரித்தால், வீட்டு ஆண்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை! அப்புறம் சந்தையிலும் மசூதியிலும் ஆண்களிடமும் பேசினார்கள்.

கருத்தடையும் இதே வழியில்தான் போனது. வெளியே போக அனுமதியில்லாத பெண்களின் வீட்டுக்கே அரசின் பெண் ஊழியர்கள் மாத்திரையைக் கொண்டுபோனார்கள். மத்லப் என்ற கிராமப் பகுதியில் 1977லிருந்து ஓர் ஆராய்ச்சி நிலையம் இப்படிச் செய்தபோது, பக்கத்துக் கிராமங்களைவிட அங்கே பிறப்பு வேகமாகக் குறைந்தது.

ஆனால் ஜனத்தொகை ஏழு கோடியிலிருந்து 17 கோடி ஆகியிருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அன்று குழந்தைகளாக இருந்தவர்கள் வளர்ந்து, ஆளுக்கு இரண்டு பெற்றாலும் சில காலம் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். ஒரு பெண்ணுக்கு இரண்டு சொச்சம் பிள்ளைகள் என்றேனே, அந்தச் சராசரி 2011லிருந்து 2.3ஐ ஒட்டியே நிற்கிறது. பாதிப் பெண்களுக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் நடந்துவிடுகிறது. அந்தப் பெண்ணின் வாசலுக்கு மாத்திரை கொண்டுபோனாலும், முதல் பிள்ளை எப்போது என்று வீடே கேட்டுக்கொண்டிருக்கும்.