எற்றென்று இரங்குவ

நேயர்களுக்கு வணக்கம். வருத்தமில்லாமல் மகிழ்ச்சியாக வாழ்வது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவனிடம் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் குறளில் போய்த்தான் நிற்பான். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் ஒரு கண்ணை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். காது மட்டும் எனக்குப் போதும்.

'எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல்
மற்றன்ன செய்யாமை நன்று.'

வினைத்தூய்மை அதிகாரம், 655ஆவது குறள். 'ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்' என்று பின்னால் வருந்தும்படியான செயலைச் செய்யாதே. இதுவரை சிக்கல் இல்லை. அப்படியும் செய்துவிட்டால்? 'மற்றன்ன செய்யாமை நன்று.' அந்த 'அன்ன' இருக்கிறதே, 'அதைப் போன்றவை', அது எதைப் போன்றவை? மறுபடியும் அந்த மாதிரிச் செயலைச் செய்யாதிரு என்கிறது மு.வ. உரை. நம்மில் பெரும்பாலோர் பள்ளியில் படித்தது அதைத்தான். நானும் பல ஆண்டுகள் அதைத்தான் நடத்தினேன்.

பரிமேலழகர் வேறு பாதையில் போகிறார். தவறிச் செய்துவிட்டாயா, சரி, பின்னால் உட்கார்ந்து இரங்கிக்கொண்டிருக்காதே என்கிறார். அவருக்கு 'அன்ன' என்பது அந்தச் செயலைக் குறிக்கவில்லை, அந்த இரங்கலைக் குறிக்கிறது. இன்னொரு தரம் சொல்கிறேன், வானொலியில் கரும்பலகை கிடையாது அல்லவா. மு.வ. சொல்வது, மறுபடி செய்யாதே. பரிமேலழகர் சொல்வது, மறுபடி மறுபடி வருந்தாதே.

இளவயதில் எனக்கு இது சப்பைக்கட்டாகப் பட்டது. தப்புச் செய்தவன் வருந்தக்கூட வேண்டாமா? உரையாசிரியர் இவ்வளவு தாராளமாக இருக்கலாமா? அந்த எண்ணம் மாறியது ஒரு கல்யாணப் பந்தியில். அதைச் சொல்லிவிடுகிறேன்.

1994 என்று நினைவு. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். பத்தாம் வகுப்புக்குள் நுழைகிறேன், கரும்பலகையில் நான் இருக்கிறேன். கண்ணாடி, குடை, தொந்தி, எல்லாம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நல்ல படம்தான். முதல் பெஞ்சில் ஒரு பையன், கையெல்லாம் சாக்பீஸ் தூள். வேறு சாட்சி எதற்கு? நான்கு அடி, உள்ளங்கையில். அவன் வாயே திறக்கவில்லை. மாலையில் கணக்கு ஆசிரியர் தற்செயலாகச் சொல்கிறார், "அந்தப் பையனைத்தான் சாக்பீஸ் பெட்டி எடுத்துவர அனுப்பினேன், வழியில் கொட்டிவிட்டான்" என்று.

மறுநாளே அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதாவது என்று அன்றைக்கு ஒரு மிதப்பு. சொல்லவில்லை. அப்புறம் அவன் தேறிப் போய்விட்டான். நான் மட்டும் கரும்பலகையைத் துடைக்கும்போதெல்லாம் அவன் கையை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 14 வருடம்.

2008இல் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் அவன். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறானாம். சாம்பார் சாதம் முடிவதற்குள் சொல்லிவிட்டேன், "தம்பி, அன்றைக்கு உன்னை அடித்தது தப்பு" என்று. அவனுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் இலை அதிரச் சிரித்தான். "ஐயா, அந்தப் படத்த வரஞ்சது நாந்தான். சாக்பீஸ் எடுக்கப் போறதுக்கு முன்னாடியே வரஞ்சு வச்சுட்டுத்தான் போனேன்."

கேட்டீர்களா? 14 வருடத் துக்கம், பாயசம் வருவதற்குள் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. பரிமேலழகர் எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டிருந்தால் புன்னகைத்திருப்பார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன். கை கழுவும் இடத்தில் அவன் கேட்டான்: "ஐயா, நாப்பது பக்க நோட்டுல கவிதை எழுதிக் குடுத்தனே, படிச்சுட்டுச் சொல்றேன்னீங்களே." எனக்கு நோட்டும் நினைவில்லை, கவிதையும் நினைவில்லை. "அப்புறம் எழுதினாயா தம்பி?" என்றேன். "இல்லய்யா" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலப் பை வாங்கப் போய்விட்டான்.

அடித்தது அவனுக்கு மறந்துவிட்டது. படிக்காமல் விட்டது மறக்கவில்லை. வள்ளுவர் இதற்கும் ஒன்று வைத்திருக்கிறார், 466ஆவது குறள்: 'செய்தக்க அல்ல செயக்கெடும் செய்தக்க செய்யாமை யானுங் கெடும்.' செய்யக் கூடாததைச் செய்தாலும் கேடு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலும் கேடு. முதல் பாதிக்கு நாம் எல்லோரும் பயப்படுகிறோம். இரண்டாம் பாதியை யாரும் கண்டுகொள்வதில்லை.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்று இரண்டு உளவியல் அறிஞர்கள் 1990களில் இதையே ஆராய்ந்தார்கள். அண்மையில் நடந்ததை நினைக்கும்போது செய்த காரியம்தான் அதிகம் உறுத்துகிறது. வாழ்நாளையே திரும்பிப் பார்க்கும்போது செய்யாமல் விட்டதுதான் மேலே வருகிறது. படிக்காத படிப்பு, சொல்லாத சொல், பார்க்கப் போகாத ஆள். செய்ததற்கு ஏதோ ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது, மன்னிப்புக் கேட்கலாம், சரிக்கட்டலாம், சிரிக்கக்கூடச் செய்யலாம், என்னைப் போல. செய்யாததற்கு முடிவே இல்லை. 'செய்திருந்தால்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். பார்சிலோனா ஒலிம்பிக் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 1992இல் பதக்கம் வாங்கியவர்களின் முகத்தைப் படத்தில் காட்டி, எவ்வளவு மகிழ்ச்சி தெரிகிறது என்று மாணவர்களை மதிப்பெண் போடச் சொன்னார்கள். வெள்ளி வாங்கியவரைவிட வெண்கலம் வாங்கியவர் முகத்தில்தான் அதிக மகிழ்ச்சி. வெள்ளிக்காரர் கைநழுவிய தங்கத்தையே பார்க்கிறார். நாம் எல்லோருமே ஏதாவது ஒரு விஷயத்தில் வெள்ளிக்காரர்கள்தான். இதற்குக் குறளில் என்ன விடை என்பது இன்னொரு நாளைக்கு.

அந்த நோட்டு? பரணில் பழைய தேர்வுத்தாள் பெட்டிகள் ஆறு இருந்தன. நான்கைப் பிரித்துவிட்டேன், இல்லை. இன்னும் இரண்டு இருக்கின்றன. அவனுடைய பட்டறை எண் என்னிடம் இருக்கிறது. வணக்கம்.