பங்குனி ஆமைக்காக ஓர் இரவு நடை

நேயர்களுக்கு வணக்கம். நல்ல காரியத்துக்காக நடக்கும் நடைகள் நம் ஊர்களில் பெருகிவிட்டன. காலை ஆறு மணிக்குக் கூடுவோம், பனியன் கொடுப்பார்கள், நாம் கட்டும் பணம் ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ போய்ச் சேரும். நல்லதுதான். ஆனால் நடப்பதே வேலையாக இருக்கிற நடை ஒன்று சென்னைக் கடற்கரையில் உண்டு. முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகள் என்ற கடலாமைகளைத் தேடி நள்ளிரவில் நடக்கும் ஆமை நடை. குடும்பத்தோடு அதில் கலந்துகொள்ள நினைப்பவர்கள் என்னென்ன தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

1970களின் தொடக்கத்தில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிவைத்த வழக்கம் இது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இதை விடாமல் நடத்திவருகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் கடைசி, ஏப்ரல் வரை தன்னார்வலர்கள் இரவுதோறும் நடப்பார்கள். வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். நீலாங்கரையில் கூடி, முதலில் ஆமைகளைப் பற்றி ஒரு விளக்கம் கேட்டுவிட்டு, நள்ளிரவுக்குப் பின் நடக்கத் தொடங்கினால் விடியற்காலையில் பெசன்ட் நகர். சுமார் 7 கிலோமீட்டர்.

ஏழு கிலோமீட்டர்தானே என்று நினைத்துவிடாதீர்கள். மணலில் கால் புதையும். கெண்டைக்கால் வலி எடுக்கும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல்தான் இறுகியிருக்கும், பிள்ளைகளை அதில் நடக்கவிடுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட, இரவில் விழித்திருந்து பழகிய பிள்ளை என்றால் தாக்குப்பிடிக்கும். அன்று மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்கவைத்துவிடுங்கள். எட்டு மணிக்குள் சாப்பாடு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய் போதும். நடை தொடங்கும் இடம் ஒன்று, முடியும் இடம் வேறு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டியை நீலாங்கரையில் விட்டுவிட்டால், விடியற்காலை நான்கு மணிக்குத் தூங்கி விழும் பிள்ளையோடு பெசன்ட் நகரில் ஆட்டோ தேட வேண்டியிருக்கும். வண்டியை முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, தொடங்கும் இடத்துக்கு ஆட்டோவில் வருவதே நல்லது.

உடை கருப்போ, கருநீலமோ இருக்கட்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம். காலில் வார் வைத்த செருப்பு வேண்டும். மணலுக்குள் கண்ணாடிச் சில்லும் தூண்டில் முள்ளும் கிடக்கும். ஒன்றை மட்டும் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். அடி வைக்கும்போதெல்லாம் குதிகாலில் சிவப்பும் நீலமுமாக மின்னும் குழந்தைச் செருப்பு இருக்கிறதல்லவா, அது வேண்டவே வேண்டாம். ஒளிரும் கைக்கடிகாரமும் அப்படித்தான். செல்பேசி பைக்குள் இருக்கட்டும். அலையிலிருந்து தலைநீட்டும் ஆமை கரையில் அசையும் வெளிச்சத்தைக் கண்டால் அப்படியே கடலுக்குத் திரும்பிவிடும். வயிற்றில் நூறு முட்டையோடு வந்த தாய் அது. வரிசையில் ஒரே ஒருவர் படம் எடுக்க ஆசைப்பட்டாலும் அந்த இரவு வீண்.

எதைத் தேடி நடக்கிறோம்? பெரும்பாலும் ஆமையை அல்ல, தடத்தை. டிராக்டர் சக்கரம் ஏறிப்போனதுபோல, ஏறக்குறைய இரண்டரை அடி அகலத்தில், இடமும் வலமும் மாறி மாறித் துடுப்புக் கால்கள் இழுத்த கோடுகள் கடலிலிருந்து மேலே போகும். ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று. கீழ்ப்பகுதியை அலை அழித்திருக்கலாம் என்பதால் பார்வை சற்று மேட்டில் இருக்க வேண்டும். இரண்டு தடமும் சேருகிற இடத்தில், அடப்பங்கொடி படர்ந்த மேட்டருகே, மணல் கலைந்து கிடக்கும். முட்டையிட்டு மூடிய பிறகு ஆமை உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து, தட் தட்டென்று மணலை இறுக்கிவிட்டுத்தான் போகும். அதனால் குழி எங்கே என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. பழகிய தன்னார்வலர் ஒரு கம்பால் மெல்லக் குத்திப் பார்ப்பார். கெட்டி மணலில் நிற்கும் கம்பு, குழிக்கு மேலே வந்ததும் சட்டென்று இறங்கும். அந்த நொடியில் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். இன்னும் நாலு விரல் இறங்கினால் முட்டை உடைந்துவிடும். பிள்ளை ஆசைப்படுகிறதே என்று கம்பைக் கேட்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது. அனுமதி பெற்றவர்கள் மட்டுமே முட்டையைத் தொடலாம்.

குழி குடுவை வடிவில் இருக்கும், ஒன்றரை அடி ஆழம், கழுத்து குறுகி, அடிப்பக்கம் அகன்று. அதில் நூறு, நூற்றிருபது முட்டைகள், மேசைப்பந்து அளவில், தோல்போல மெத்தென்று. அங்கேயே விட்டால் நாய் தோண்டிவிடும், அல்லது பொரித்த குஞ்சுகள் தெருவிளக்கைப் பார்த்துச் சாலைப் பக்கம் போய்விடும். அதனால்தான் எண்ணி, துணிப்பையில் வைத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் இதைச் செய்தாக வேண்டும். அதற்குப் பிறகு கரு முட்டையின் மேல் சுவரில் ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் இறந்துவிடும். பொரிப்பகத்தில் அதே ஆழம், அதே வடிவில் கையால் தோண்டிய குழியில் முட்டைகள் இறங்கும். 45 முதல் 60 நாளில் பொரிக்கும். சூடு சுமார் 29 டிகிரியைத் தாண்டினால் பெண் குஞ்சுகள் மிகுதி, குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகுதி.

ஆமையையே பார்க்கும் பேறு கிடைத்தால், பின்பக்கமாக, தள்ளி, மணலில் உட்கார்ந்துவிடுங்கள். தலைக்கு முன்னால் யாரும் போகக் கூடாது. கண்ணிலிருந்து நீர் வழியும், பிள்ளைகள் அழுகிறது என்பார்கள். கடல்நீரோடு உள்ளே போன உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை அது.

ஆனால் பல இரவுகளில் தடமே இருக்காது. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லாமல் அழைத்துவருவதுதான் பெற்றோர் செய்யும் பெரிய தவறு. "ஆமை பார்க்கப் போகிறோம்" என்று சொல்லி வந்தால், மூன்று மணிக்கு ஏமாற்றமும் அழுகையும்தான் மிஞ்சும். "இந்த ஏழு கிலோமீட்டரில் இன்று குழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லப் போகிறோம்" என்று சொல்லுங்கள். இல்லை என்பதும் அன்றைய குறிப்பேட்டில் ஏறுகிற பதில்தான். யாரும் நடக்காத இரவில் அந்தப் பதிலும் கிடைக்காது.

செத்த ஆமையும் எதிர்ப்படலாம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கின. ஆமைக்கு மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் சிக்கினால் மூழ்கிச் சாகும். பிள்ளையின் கண்ணை மூடாதீர்கள். ஓட்டின் நீளத்தை நாடாவால் அளந்து குறிக்கிறார்கள், வால் நீண்டிருந்தால் முதிர்ந்த ஆண் என்று எழுதுகிறார்கள். நாடாவின் முனையைப் பிடிப்பதும் எண்ணைக் குறித்துவைப்பதும் பிள்ளையாலும் முடிகிற வேலை. கேட்டுச் செய்யலாம். கேள்வி கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மீனவர்மேல் பழியைப் போட்டு முடித்துவிடாதீர்கள். கரைக்கு மிக அருகே இழுவைப் படகுகள் வலை இழுப்பதுதான் சிக்கல். கட்டுமரத்திலும் சிறு படகிலும் போகிறவர்கள் பல நேரம் வலையை அறுத்து, மாட்டிய ஆமையை விடுவிப்பவர்கள்.

நடக்க முடியாத சிறு பிள்ளைகளுக்கும் பாட்டி தாத்தாவுக்கும் மார்ச், ஏப்ரல் மாலைகள் இருக்கின்றன. பொரித்த குஞ்சுகளைப் பெசன்ட் நகரில் கடலுக்கு விடும் நேரம். கயிற்றுக்குப் பின்னால் நின்றுதான் பார்க்க வேண்டும். கயிற்றைத் தாண்டும் கூட்டத்தில் மிதிபட்டுச் சாகும் குஞ்சு யார் கண்ணிலும் படாது. நிற்கும் இடத்துக்கு முன்னால் உங்கள் காலடிக் குழிகள் இருந்தால், குஞ்சுகள் வருவதற்கு முன்பே கையால் நிரவிவிடுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குஞ்சுக்கு ஒரு காலடித் தடமே ஆழமான கிணறு. மல்லாந்து விழுந்தால் எழத் திணறும். ஐந்து வயதுப் பிள்ளை இந்த வேலையை நம்மைவிட நன்றாகச் செய்யும். குஞ்சுகள் எந்த மாலையில் வெளிவரும் என்பதை அவைதான் முடிவு செய்யும் என்பதால், அன்று விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

வணக்கம்.