உடையும்போது அந்த ரெண்டு எலக்ட்ரானும் யாருக்கு?

மலேசியாவுல, சுங்கை சிப்புட்டுல படிவம் ஆறு படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கு: "சார், சகப்பிணைப்புல ரெண்டு அணுவும் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்குது. பிணைப்பு உடைஞ்சா அந்த ரெண்டும் யாருக்குப் போகும்? தண்ணி கொதிக்கும்போதும் பிணைப்பு உடையுதுதானே?"

ரெண்டாவது கேள்விய முதல்ல முடிச்சிடுவோம்மா. உடையறதில்ல. கொதிக்கும்போது மூலக்கூறுகள் ஒண்ண விட்டு ஒண்ணு விலகுது, அவ்வளவுதான். அதுக்கு ஒரு மோலுக்கு 41 கிலோ ஜூல் போதும். ஆக்ஸிஜன்–ஹைட்ரஜன் (ஓ–எச்) பிணைப்ப உடைக்க சுமார் 463 கிலோ ஜூல் வேணும். மேல வர்ற ஆவியும் தண்ணிதான், ஹைட்ரஜன் வாயு இல்ல.

இன்னொண்ணு. "பிணைப்பு உடைஞ்சா ஆற்றல் வெளியாகும்"னு எழுதுறாங்க பாருங்க, அது தப்பு. உடைக்க எப்பவும் ஆற்றல் செலவாகும். புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான் வெளியாகும்.

இப்ப முதல் கேள்வி. ரெண்டு விதமா உடையும். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டா சீரான பிளவு, ஹோமோலிட்டிக். ரெண்டையும் ஒருத்தரே எடுத்துக்கிட்டா சீரற்ற பிளவு, ஹெட்டரோலிட்டிக். உங்க ஊர்ப் பக்கம் ரப்பரும் இருக்கு, செம்பனையும் இருக்கு. வெளியில தேட வேணாம்.

ரப்பர் சாமான் செய்யிற ஃபேக்டரியில, கட்டி ரப்பர ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டு அரைப்பாங்க. ரெண்டு உருளையும் ஒரே வேகத்துல சுத்தாது. அந்த இழுப்புல நீளச் சங்கிலி பட்டுனு அறுந்திடும். எங்க அறும்? சங்கிலியோட ஒரு கண்ணி, அதாவது ஒரு ஐசோப்ரீன் அலகு, அடுத்ததோட சேர்ற கார்பன்–கார்பன் பிணைப்புல. பிணைப்பு ஆற்றல் அட்டவணையில கார்பன்–கார்பனுக்கு (சி–சி) 347னு இருக்கும். ஆனா இந்த இடத்துக்கு அவ்வளவு வேணாம். அறுந்ததும் வர்ற ஒத்தை எலக்ட்ரான் பக்கத்து இரட்டைப் பிணைப்போட பரவி நிலைச்சிக்குது, அதனால. அட்டவணையில இருக்கிறது சராசரி, அத மறந்திடாதீங்க.

ஆளுக்கு ஒரு எலக்ட்ரானோட நிக்கிற ரெண்டு முனையும் தனி உறுப்பு, மலாய்ல ராடிக்கல் பெபாஸ். சும்மா விட்டா திரும்ப ஒட்டிக்கும். காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் வந்து முனைய அடைச்சாத்தான் சங்கிலி குட்டையாவே நிக்கும், ரப்பர் மெதுவாகும். நைட்ரஜன்ல வச்சு அரைச்சா அவ்வளவா மெதுவாகாது. சூடு ஏத்தினா சீக்கிரம் ஆகும்னு நினைப்பீங்க. இல்ல. 100 டிகிரி பக்கம் வரும்போது ரப்பர் இளகி வழுக்கும், இழுப்பு ஏறாது, அறுபடுறது குறையும். அதையும் நல்லா தாண்டினாத்தான் ஆக்ஸிஜனே நேரா சங்கிலியத் தாக்கும். (ரப்பர் பாலுல ஃபார்மிக் ஆசிட் ஊத்தி உறைய வைக்கிறத இதோட குழப்பிக்காதீங்க. அங்க சங்கிலி உடையறதில்ல. துகள் மேல இருக்கிற எதிர்மின்சுமை போகுது, துகள்கள் ஒட்டிக்குது.)

வெளிச்சத்தாலயும் இப்படி உடைக்கலாம். குளோரின் மூலக்கூறுக்கு மோலுக்கு 243 கிலோ ஜூல் போதும், கணக்குப் போட்டா 492 நானோமீட்டர் அலைநீள ஒளி. நீலம், ஊதா ஒளியே சமாளிச்சிடும்.

சீரற்ற பிளவுக்கு ஹைட்ரஜன் குளோரைட எடுத்துக்குவோம். வாயுவா இருக்கும்போது ஆளுக்கு ஒண்ணா பிரிக்க 431. குளோரின் ரெண்டையும் எடுத்துக்கிட்டு அயனிகளா பிரியணும்னா சுமார் 1,400! அப்ப தண்ணியில எப்படி அவ்வளவு லேசா பிரியுது? தண்ணி மூலக்கூறுங்க ரெண்டு அயனியையும் சூழ்ந்துக்கும்போது, அந்த 1,400க்கு மேலயே திரும்பக் கிடைச்சிடுது. எஸ்பிஎம்ல (படிவம் அஞ்சு பரீட்சை) பார்த்திருப்பீங்க: மெத்தில்பென்சீன்ங்கிற கரைப்பான்ல கரைச்ச ஹைட்ரஜன் குளோரைடு, காய்ஞ்ச நீல லிட்மஸ சிவப்பாக்காது. அதே வாயுதான், சூழ்ந்துக்க ஆள் இல்ல, அதனால அயனியாப் பிரியல. அதனால யாருக்குப் போகும்ங்கிறத அணு மட்டும் தீர்மானிக்கல, கரைப்பானும் சேர்ந்துதான் தீர்மானிக்குது.

பரீட்சையில மார்க் போறது, எலக்ட்ரான் எங்க போகுதுன்னு காட்டுற அம்புக்குறியில. ஒரு எலக்ட்ரானுக்கு அரை முனை அம்பு, ரெண்டு வரையணும். ரெண்டு எலக்ட்ரானுக்கு முழு முனை அம்பு, ஒண்ணு போதும். அம்பு பிணைப்புக் கோட்டுல இருந்து கிளம்பி குளோரினுக்குப் போகணும். எச் ப்ளஸ்ல (ஹைட்ரஜன் அயனி) இருந்து கிளப்பாதீங்க. அதுகிட்ட கொடுக்க எலக்ட்ரானே இல்ல.

கடைசியா செம்பனை. குலை விழுந்து பழம் நசுங்கினா, உள்ள இருக்கிற லைபேஸ் நொதி எண்ணெயோட எஸ்டர் பிணைப்ப தண்ணி வச்சு வெட்டும். ரெண்டு எலக்ட்ரானும் ஆக்ஸிஜன் பக்கம் போகும், கொழுப்பமிலம் தனியா வந்திடும். அது 5 சதவீதத்தத் தாண்டினா எண்ணெய்க்கு விலை போகாது. அதான் வெட்டின குலைய சீக்கிரம் ஆலைக்கு ஏத்தி நீராவியில வேக வைக்கிறாங்க. அந்த நீராவி நொதியோட சகப்பிணைப்ப உடைக்கிறதில்ல. புரதத்தோட மடிப்பத்தான் கலைக்குது. கிட்டத்தட்ட உங்க கொதிக்கிற தண்ணி கதைதான்மா.