பயிற்சியாளர் தள்ளிப்போடும் தாவல்

நேயர்களுக்கு வணக்கம். ஃபிகர் ஸ்கேட்டிங் விளையாட்டைத் தொடர்ந்து பார்த்து வருகிறவர்களிடையே ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் ஒரே வகையான பேச்சு எழுகிறது. பதின்மூன்றோ பதினான்கோ வயதுள்ள ஒரு சிறுமி இளையோர் பிரிவில் பனித்தளத்தில் இறங்குகிறாள். அந்தரத்தில் நான்கு முறை சுழன்று தரையிறங்கும் தாவல் ஒன்றைச் செய்து காட்டுகிறாள். அன்று இரவுக்குள்ளாகவே ரசிகர்கள் அவளுக்கு எந்த ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கம் என்பது வரை முடிவு செய்துவிடுகிறார்கள். அடுத்த போட்டியில் அவள் இரண்டு முறை விழுந்துவிட்டால், பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்ற தீர்ப்பும் அதே வேகத்தில் வந்து சேர்கிறது. இந்தப் பேச்சின் அடியில் அன்பு இருக்கிறது என்பதை நான் அறிவேன். ஆயினும், ஒரு பயிற்சியாளர் எதைக் கற்றுக்கொடுத்தார் என்பதைக் கொண்டே அவரை அளக்கிறோம்; அந்தச் சிறுமியால் செய்ய முடிகிற ஒன்றை, இப்போது வேண்டாம் என்று அவர் நிறுத்தி வைத்திருப்பது நம் கண்ணில் படுவதில்லை. வளரும் வயதில் ஒரு விளையாட்டு வீராங்கனைக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை இந்த உரையில் சொல்ல முயல்கிறேன்.

தாவல் எப்படி நிகழ்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மிகச் சிறந்த தாவலில்கூட ஸ்கேட்டர் காற்றில் இருக்கும் நேரம் ஒரு வினாடிக்கும் குறைவு. பனியை விட்டுக் கால் எழும்பிய பிறகு சுழற்சியின் மொத்த அளவை எவராலும் கூட்ட முடியாது. கைகளையும் கால்களையும் உடலோடு ஒட்டிக்கொண்டு, ஏற்கெனவே பெற்ற சுழற்சியை வேகப்படுத்த மட்டுமே முடியும். ஆகவே நான்கு சுற்றை முடிப்பதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நல்ல வேகத்தோடு வந்து, ஸ்கேட்டின் பிளேடு விளிம்பைப் பனியில் ஆழமாக அழுத்தி, உயரமாகவும் நீளமாகவும் எழும்புவது. மற்றொன்று, குறைந்த உயரத்திலேயே, ஒடுங்கிய சிறிய உடலை மிக விரைவாகச் சுழற்றிக்கொள்வது. பன்னிரண்டு வயதில் இரண்டாவது வழி வியக்கத்தக்க அளவுக்குப் பலன் தருகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் உயரம் கூடுகிறது, தோளும் இடுப்பும் விரிகின்றன, உடலின் எடை பரவியிருக்கும் விதமே மாறுகிறது. சுழற்சியின் அச்சிலிருந்து எடை சற்று விலகிப்போனாலும் அதே வேகத்தில் சுழல்வதற்கு முன்பைவிட அதிக விசை தேவைப்படுகிறது. நேற்று வரை எளிதாக வந்த தாவல் இன்று கால் சுற்று குறைவாக முடிகிறது. ரசிகர்கள் இதை மன உறுதிக் குறைவு என்றும், சோம்பல் என்றும், எடை கூடிவிட்டது என்றும் பேசுகிறார்கள். வளர்கிற ஒரு பிள்ளையின் உடலைப் பற்றி அப்படிப் பேசுவது கொடுமை என்பதோடு, அது காரணத்தையும் தவறாகப் புரிந்துகொள்வதாகும். முதல் வழியில் தாவக் கற்றவர்களுக்கும் வளர்ச்சிக் காலம் கடினமானதுதான். ஆனால் அவர்களிடம் திரும்பக் கட்டியெழுப்புவதற்கான அடித்தளம் இருக்கிறது.

அந்த அடித்தளம் விளிம்பில்தான் இருக்கிறது. ஸ்கேட்டின் பிளேடுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு உண்டு. லுட்ஸ் என்னும் தாவல் பின்னோக்கிச் செல்லும் வெளிவிளிம்பிலிருந்து எழும்ப வேண்டும். உடல் வளைந்து வந்த திசைக்கு எதிர்த் திசையில் சுழல வேண்டியிருப்பதால் அது கடினம். அவசரமாகக் கற்ற சிறுமிகள் பலருக்குக் கடைசி நொடியில் கால் உள்விளிம்புக்குச் சாய்ந்துவிடுகிறது. அப்போது அது பெயரளவில் லுட்ஸாக இருந்தாலும் செயலளவில் ஃபிளிப் என்னும் வேறொரு தாவலாகிவிடுகிறது. பத்து வயதில் தசையில் பதிந்த இந்தப் பழக்கத்தைப் பதினாறு வயதில் அகற்றுவது பெரும்பாடு. இதைத் தெரிந்த பயிற்சியாளர் மூன்று சுற்றை ஓராண்டு ஒத்திவைத்து, இரண்டு சுற்று லுட்ஸைச் சரியான விளிம்பில் நிலைநிறுத்துவார். அந்த ஓராண்டில் அந்தச் சிறுமியின் மதிப்பெண்கள் தோழிகளைவிடக் குறைவாகவே இருக்கும். பெற்றோருக்கும் பொறுமை வேண்டும், நமக்கும் வேண்டும்.

மதிப்பெண் முறையே இந்தப் பொறுமையைக் கெடுக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி உண்மைதான். 2018க்குப் பிறகு நடைமுறைக்கு வந்த அட்டவணையில் மூன்று சுற்று லுட்ஸின் அடிப்படை மதிப்பு 5.90, நான்கு சுற்று லுட்ஸின் மதிப்பு 11.50. ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால் ஆசை எழுவது இயல்பு. ஆனால் நடுவர்கள் ஒவ்வொரு தாவலின் தரத்துக்கும் கழித்தல் ஐந்து முதல் கூட்டல் ஐந்து வரை மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் பத்து விழுக்காடு. நான்கு சுற்றையும் முழுமையாகச் சுழன்று விழுந்தாலும், தர மதிப்பீட்டில் பாதி போய், விழுந்ததற்கான ஒரு புள்ளியும் கழிந்து, மிஞ்சுவது 4.75தான். நல்ல உயரத்துடன் அழகாகத் தரையிறங்கி, கூட்டல் மூன்று பெற்ற மூன்று சுற்று லுட்ஸோ 7.67 பெறுகிறது. இந்தக் கணக்கில் வராத இழப்பு இன்னொன்று உண்டு. தரையிறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில், நாள்தோறும் திரும்பத் திரும்ப அப்படி விழுந்தெழுந்தால் பாதத்திலும் முதுகிலும் அழுத்த முறிவுகள் ஏற்படும் ஆபத்து கூடுகிறது.

இந்தப் பின்னணியில்தான் சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் 2022 ஜூன் மாதத்தில், மூத்தோர் பிரிவில் போட்டியிடுவதற்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்திலிருந்து படிப்படியாகப் பதினேழாக உயர்த்தத் தீர்மானித்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் பதினைந்து வயது கமிலா வலியேவாவை ஊக்கமருந்து வழக்கு சூழ்ந்ததையும், அந்தப் பெண் உலகமே பார்த்துக்கொண்டிருக்கத் தடுமாறி விழுந்ததையும் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். புதிய விதியால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களில் ஜப்பானின் மாவோ ஷிமாதா முக்கியமானவர். மியே ஹமாதாவிடம் பயிற்சி பெறும் இவர் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இளையோர் உலகச் சாம்பியன். முன்னோக்கி எழும்பி மூன்றரை முறை சுழலும் டிரிபிள் ஆக்சல் தாவலையும், டோ லூப் என்னும் தாவலை நான்கு சுற்றுடனும் செய்பவர். 2008 அக்டோபரில் பிறந்ததால் 2026 ஒலிம்பிக்குக்கு வயது போதவில்லை. ரசிகர்கள் இதைப் பறிபோன வாய்ப்பு என்றே பேசினார்கள். அவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. அந்த ஏமாற்றத்தை அந்தப் பெண்ணும் உணர்ந்திருக்க வேண்டும். எனினும் ஓர் ஒலிம்பிக் தேதியை நோக்கி உடலை விரட்ட வேண்டிய கட்டாயம் இல்லாத சில ஆண்டுகள் ஒரு பயிற்சியாளருக்குக் கிடைப்பது அரிது. 2018 ஒலிம்பிக்கில் பதினைந்து வயதில் தங்கம் வென்ற ரஷ்யாவின் அலினா ஜகிதோவா, மறு ஆண்டு உலகச் சாம்பியனாகவும் ஆன பின், பதினேழு வயதிலேயே போட்டிகளிலிருந்து ஒதுங்கினார் என்பதை இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

அமெரிக்காவின் அலிசா லியூவின் பாதையை நான் இன்னும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம்முடைய கணிப்புகள் அனைத்தையும் அது கலைத்துப்போட்டது. 2019இல் பதின்மூன்று வயதில் அவர் நாட்டின் சாம்பியனானார். அந்தப் பட்டத்தை வென்றவர்களில் அவரே மிக இளையவர். அதே ஆண்டு, போட்டியில் நான்கு சுற்றுத் தாவலை நிறைவேற்றிய முதல் அமெரிக்கப் பெண் என்ற பெயரும் பெற்றார். அதன் பிறகு உடல் வளர்ந்தது, தாவல்கள் தடுமாறின, பயிற்சியாளர்கள் மாறினார்கள். 2022இல் உலகப் போட்டியில் வெண்கலம் வென்ற கையோடு, பதினாறு வயதில், ஓய்வு பெறுவதாக அறிவித்தார். பலரும் அத்துடன் அவரை மறந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவராகவே திரும்பி வந்தபோது, இசையையும் உடையையும் பயிற்சியின் அளவையும் முடிவு செய்வதில் தன் சொல் எடுபட வேண்டும் என்பதை வெளிப்படையாகவே தெரிவித்தார். 2025 மார்ச்சில் பாஸ்டனில், டிரிபிள் ஆக்சலும் நான்கு சுற்றுத் தாவலும் இல்லாமலேயே, அவர் உலகச் சாம்பியனானார். இசையைக் கேட்டுக்கொண்டே சறுக்குகிற ஒருவரை அன்று பார்த்தோம். திரும்பி வந்தபின் அவருக்குப் பயிற்சி அளித்தவர்கள் அவரிடம் எதைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு அவர்கள் மீது மதிப்பை உண்டாக்குகிறது.

பயிற்சியாளரை மாற்றும் கேள்விக்கு வருகிறேன். ஜப்பானின் கயோரி சகாமோட்டோ சிறுவயது முதல் சோனோகோ நகானோவிடமே கற்றவர். அவரிடம் இருப்பது பனித்தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாலைந்து உந்துதலில் போய்ச் சேரும் வேகமும், அந்த வேகத்தைத் துளியும் இழக்காமல் எழும்பும் டபுள் ஆக்சலும். 2022 முதல் 2024 வரை மூன்று முறை தொடர்ந்து உலகப் பட்டம் வென்றார். மகளிர் பிரிவில் 1960களில் பெக்கி ஃபிளெமிங் செய்த பிறகு எவரும் செய்யாதது அது. மாறாக, அதே நாட்டின் மாவோ அசாதா 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஒரே போட்டியில் மூன்று டிரிபிள் ஆக்சல் செய்து வெள்ளி வென்ற பிறகும் நொபுவோ சாட்டோ என்னும் புதிய பயிற்சியாளரிடம் சென்று, தன் தாவல்களை அடிப்படையிலிருந்து திருத்தத் தொடங்கினார். அதற்கு அவர் கொடுத்த விலை சிறியதன்று: 2011இலும் 2012இலும் உலகப் போட்டியில் ஆறாம் இடம். 2013இல் மூன்றாம் இடம், 2014இல் சொந்த நாட்டில் உலகப் பட்டம். முதல் இரண்டு ஆண்டுகளின் முடிவுகளை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதியிருந்தால் அந்த மாற்றம் தோல்வி என்றே பதிவாகியிருக்கும்.

ஆகவே மாற்றலாமா கூடாதா என்பதற்கு வெளியிலிருந்து பொது விடை இல்லை. ஆடவர் பிரிவில் அமெரிக்காவின் இலியா மாலினினுக்குப் பெற்றோரே பயிற்சியாளர்கள். ஜப்பானின் யுசுரு ஹன்யூ பதினேழு வயதில் சொந்த ஊரை விட்டு டொராண்டோவுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் டிரேசி வில்சன் நடத்திய அடிப்படைச் சறுக்கல் வகுப்புகளில், உலகச் சாம்பியன்களும் தொடக்க நிலைப் பிள்ளைகளைப் போல விளிம்புப் பயிற்சி செய்தார்கள். பயிற்சிக்கூடத்தின் பெயரைவிட இந்தச் செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளியிலிருந்து நாம் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றும் உண்டு: பிள்ளை வலியைச் சொல்லத் தயங்குகிறாளா, உணவைக் குறித்து அச்சுறுத்தப்படுகிறாளா என்பவை தெரியவந்தால், அங்கே பதக்கக் கணக்கு பேச இடமில்லை, உடனே வெளியேறுவதே சரி.

இந்த விளையாட்டில் நடுவர்கள் அளித்த மதிப்பெண் தாள் ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் வெளியிடப்படுகிறது. அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த இளம் ஸ்கேட்டர் ஆறாம் இடமோ எட்டாம் இடமோ பெறும்போது, மொத்தத்தைப் பார்க்கும் முன் அந்தத் தாளில் லுட்ஸுக்கு எதிரே விளிம்புப் பிழைக் குறி இருக்கிறதா, சென்ற ஆண்டு இருந்த சுற்றுக் குறைவுக் குறி மறைந்திருக்கிறதா, சறுக்கல் திறனுக்கான மதிப்பெண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியான திசையில் நகர்ந்திருந்தால், நான்கு சுற்றுத் தாவல் நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டிருப்பதைக் குறித்துப் பயிற்சியாளரை யாரேனும் பழித்துப் பேசும்போது, அந்தத் தாளை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.